சேரியின் உத்தேச நட்டம்: தணிக்கை அறிக்கைகள் மீது ஒரு வாசிப்பு

1

தமிழில் தணிக்கை என்ற சொல்லுக்கு ரெண்டு வேலை. சினிமாவில் எதைக் காட்டலாம், எதை வெட்டலாம் என்று பார்ப்பதும் தணிக்கை. அரசாங்கம் செலவழித்த பணத்துக்குக் கணக்குப் பார்ப்பதும் தணிக்கை. ஒன்று மறைக்கிற வேலை. இன்னொன்று வெளிச்சம் போடுகிற வேலை. எதிரும் புதிருமான இந்த ரெண்டுக்கும் ஒரே சொல் எப்படி வாய்த்தது என்பது சொல்லாராய்ச்சிக்காரர்கள் பாடு. ஆனால் அரசின் தணிக்கை அறிக்கைகளை ஒரு பிரதியாக எடுத்து வைத்து வாசிக்கிறபோது, ரெண்டு வேலையும் ஒரே இடத்தில்தான் நடக்கிறது என்று தெரிகிறது. எதை எண்ணுவது என்று தீர்மானிக்கிறபோதே எதை எண்ணாமல் விடுவது என்பதும் தீர்மானமாகிவிடுகிறது.

இலக்கியம் பேசுகிற பத்திரிகையில் கணக்குப்பிள்ளை வேலை எதுக்கு என்று சிலர் கேட்கலாம். தணிக்கை அறிக்கையும் ஒரு கதையாடல்தான். அரசு தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொள்கிற கதை. அதில் யார் எழுவாய், யார் செயப்படுபொருள், யார் கதைக்குள்ளேயே வரவில்லை என்று கேட்பது நமக்குப் புதுசு இல்லை. காவியத்திலும் நாவலிலும் இதைத்தானே கேட்டு வந்திருக்கிறோம். அறிக்கையை மட்டும் ஏன் விட்டுவைக்க வேண்டும்?

2

அந்த நாற்காலியிலிருந்து ஆரம்பிக்கலாம். வெள்ளைக்காரன் காலத்தில் 1860இல் உண்டான பதவி அது. சுதந்திரத்துக்குப் பிறகு 1948இல் வி. நரஹரி ராவ் முதல் இந்தியராக வந்து உட்கார்ந்தார். அரசியல் சாசனத்தில் 148 முதல் 151 வரை நாலு பிரிவுகள் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் என்கிற இந்தப் பதவியைப் பற்றியவை. சிஏஜி என்று பத்திரிகைகள் எழுதுவது இவரைத்தான். உச்ச நீதிமன்ற நீதிபதியை நீக்குகிற முறையில்தான் இவரையும் நீக்க முடியும். ஆறு வருஷம் அல்லது 65 வயது, எது முந்தி வருகிறதோ அதுவரைக்கும் பதவி.

1949 மே மாதம் அரசியல் நிர்ணய சபையில் இந்தப் பிரிவுகள் விவாதத்துக்கு வந்தபோது பேசியவர் அம்பேத்கர். சாசனத்தில் வருகிற அதிகாரிகளிலேயே இவர்தான் முக்கியமானவர் என்பது தன் கருத்து என்றார். இவருடைய கடமை நீதித்துறையின் கடமையைவிடவும் பெரிசு என்றார். அப்படியிருந்தும் தன் ஊழியர்கள் மேல் நீதிமன்றத்துக்கு இருக்கிற அதிகாரம்கூட இவருக்குக் கொடுக்கப்படவில்லையே என்று வருத்தப்பட்டார்.

நம்மிடையே அம்பேத்கரைச் சாதி ஒழிப்புக்காரராக, சட்ட நிபுணராக, பௌத்தராகப் படிக்கிறோம். பொது நிதி படித்த அம்பேத்கரை அதிகம் படிப்பதில்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் நிதி நிர்வாகத்தைப் பற்றி 1915இல் ஆய்வேடு எழுதியவர் அவர். ரூபாய்ப் பிரச்சினை பற்றிய நூல் 1923இல், மாகாண நிதி பற்றிய நூல் 1925இல் வந்தன. ராஜ்ஜியம் என்பது கடைசியில் யாரிடம் வாங்கி யாருக்குக் கொடுக்கிறது என்கிற கணக்குத்தான் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் கணக்குப் பார்க்கிறவரை நீதிபதிக்கும் மேலே வைத்தார். அவர் சிலைக்கு மாலை போடுகிறவர்களும் சரி, சிலையை உடைக்கிறவர்களும் சரி, இந்தப் பேச்சைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

அந்த நாற்காலிக்கு யாரைக் கொண்டுவருகிறார்கள்? சாசனத்தில் தகுதி எதுவும் சொல்லப்படவில்லை. தேர்வுக்குழு கிடையாது. குடியரசுத் தலைவர் முத்திரை வைத்து நியமிப்பார் என்றுதான் இருக்கிறது. நடைமுறையில் ஆளுகிற அரசு கை காட்டுகிற ஆள். 1978 முதல் வந்தவர்கள் எல்லாருமே ஐஏஎஸ் அதிகாரிகள். தணிக்கைத் துறையிலேயே உழைத்து வளர்ந்தவருக்கு அந்தக் கதவு மூடிக் கிடக்கிறது. 2013இல் பாதுகாப்புத் துறைச் செயலாளராக இருந்தவரே நேராக வந்து உட்கார்ந்தார்; தான் செலவழித்த கணக்கைத் தானே பார்க்கிற நிலைமை. 2020இல் ஒடிசாவின் சந்தால் பழங்குடியைச் சேர்ந்த கிரிஷ் சந்திர முர்மு வந்தார். பழங்குடியிலிருந்து ஒருவர் இந்தப் பதவிக்கு வர சாசனம் நடப்புக்கு வந்து எழுபது வருஷம் ஆயிருக்கிறது. சந்தோஷம்தான். ஆனால் ஆள் மாறினால் அறிக்கையின் மொழி மாறிவிடுமா என்பது வேறு கேள்வி.

3

மொழிக்கு வருவோம். தணிக்கை அறிக்கையின் இலக்கணம் செயப்பாட்டு வினை. நிதி 'ஒதுக்கப்பட்டது', 'பயன்படுத்தப்படவில்லை', 'வேறு பணிக்குத் திருப்பப்பட்டது', 'காலதாமதம் ஏற்பட்டது'. யார் ஒதுக்கினார், யார் திருப்பினார், யாரால் தாமதம்? எழுவாய் இல்லை. நம்ம பேச்சு மொழியில் இந்த 'பட்டது' அநேகமாகக் கிடையாது. திருச்சுழிப் பக்கம் ஒரு கிழவியிடம் கேட்டால், 'எங்க பணத்த எடுத்து அவுக தெருவுக்கு ரோடு போட்டுக்கிட்டாக' என்று சொல்லும். ஒரே வாக்கியத்தில் எடுத்தவன், இழந்தவன், எங்கே போனது எல்லாம் வந்துவிடுகிறது. படிக்காதவர் பேச்சில் எழுவாய் இருக்கிறது. படித்தவர் அறிக்கையில் இல்லை.

ஆனால் இந்த மொழிக்குக் கற்பனையே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. 2010 நவம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட அலைக்கற்றை அறிக்கையைப் பாருங்கள். ஏலம் விட்டிருந்தால் எவ்வளவு வந்திருக்கும் என்று யோசித்து, பல வழிகளில் கணக்குப் போட்டு, 57,666 கோடியிலிருந்து 1,76,645 கோடி வரைக்கும் தொகைகள் சொன்னது அது. 'உத்தேச நட்டம்' என்று பேர். கஜானாவிலிருந்து போன பணம் இல்லை. வந்திருக்க வேண்டிய பணம். நாட்டுக்குத் தெரிந்ததெல்லாம் அந்தப் பெரிய தொகை மட்டும்தான். அமைச்சர் ஆ. ராசா, பெரம்பலூர்க்காரர், தலித். அறிக்கை அவைக்கு வருவதற்கு ரெண்டு நாள் முன்னே பதவி விலகினார். 2011 பிப்ரவரியில் கைதானார். 2012இல் உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை ரத்து செய்தது. 2017 டிசம்பர் 21 அன்று சிபிஐ தனி நீதிமன்றம், குற்றச்சாட்டை நிரூபிக்கவில்லை என்று எல்லாரையும் விடுதலை செய்தது. அதன் மேல் சிபிஐ செய்த மேல்முறையீட்டை 2024இல் டெல்லி உயர் நீதிமன்றம் விசாரணைக்கு எடுத்துக்கொண்டது.

தலித் என்பதால்தான் அந்தத் தொகையைப் போட்டார்கள் என்று இங்கே வாதாட வரவில்லை. அதற்குச் சான்று கிடையாது. அந்த ஒதுக்கீடு சரியா தப்பா என்பதை நீதிமன்றங்கள் பார்த்துக்கொள்ளட்டும். கேட்க வேண்டிய கேள்வி வேறே. வராமல் போன பணத்தையும் நட்டம் என்று எழுதலாம் என்பதைத் தலைமைத் தணிக்கையாளரே ஒத்துக்கொண்டுவிட்டார். அலைக்கற்றைக்கு வந்த அந்தக் கற்பனை சேரிக்கு ஏன் வரவில்லை?

4

எஸ்.சி. மக்களுக்கான சிறப்புக் கூறுத் திட்டம் 1979இல் வந்தது. மக்கள்தொகையில் எத்தனை பங்கோ, திட்டப் பணத்தில் அத்தனை பங்கு. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 100க்கு 20 பேர் எஸ்.சி. இந்தப் பணத்துக்குப் பட்ஜெட்டில் தனித் தலைப்பே உண்டு, எண் 789. தலைப்பு இருக்கிறது, பணம் இருக்கிறதா? எல்லாருக்கும் பொதுவான பாலம், ரோடு, ஆஸ்பத்திரி எல்லாவற்றிலும் 'இதிலே எஸ்.சி.யும் நடப்பார்தானே' என்று ஒரு பங்கை இந்தத் தலைப்பில் எழுதிவிடுகிற வித்தை நாடு முழுக்க நடந்தது. காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிக்காக டெல்லி அரசு இந்தப் பணத்தில் நூற்றுக்கணக்கான கோடியைத் திருப்பியது 2010இல் தகவல் உரிமைச் சட்டத்தின் வழியே வெளியே வந்தது. அது தப்பு என்று உள்துறை அமைச்சர் ப. சிதம்பரம் நாடாளுமன்றத்திலேயே ஒத்துக்கொள்ள வேண்டிவந்தது. அதைக் கண்டுபிடித்தது சிவில் அமைப்புகள். தலைப்பு 789 எந்நேரமும் கண்ணெதிரே இருக்கிறவர்கள் அல்ல.

சிஏஜி நம்ம பக்கம் திரும்பிப் பார்ப்பதே இல்லை என்று சொன்னால் அது பொய். மெட்ரிக் படிப்புக்கு மேற்பட்ட எஸ்.சி. மாணவர் கல்வி உதவித்தொகையைத் தமிழ்நாடு உட்பட ஐந்து மாநிலங்களில், 2012 முதல் 2017 வரைக்கும் தணிக்கை செய்து 2018இல் அறிக்கை கொடுத்தது. உதவித்தொகை தாமதமாகப் போய்ச் சேர்ந்தது, தகுதியுள்ள மாணவர் எத்தனை பேர் என்ற நம்பகமான கணக்கே இல்லை என்றெல்லாம் எழுதியது. நல்ல அறிக்கை. மாணவர் அமைப்புகள் கட்டாயம் வாசிக்க வேண்டும். ஆனால் தாமதம் என்று எழுதி நிறுத்திக்கொள்கிறது. தாமதத்துக்குப் பிறகு என்ன நடந்தது?

அதை நாம் போட்டுப் பார்ப்போம். திருச்சுழிப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி அருப்புக்கோட்டைக்குப் படிக்க வருகிற ஒரு பையன். உதவித்தொகை வரவில்லை, கட்டணம் கட்டவில்லை, ரெண்டாம் வருஷத்தோடு நின்றுவிட்டான். நூற்பாலைக்குப் போகிறான். படித்து முடித்திருந்தால் வரக்கூடிய சம்பளத்துக்கும் இதுக்கும் மாதம் 15,000 ரூபாய் வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். 30 வருஷத்துக்கு 54 லட்சம். ஒரு பையனுக்கு. கற்பனைக் கணக்குத்தான். அலைக்கற்றைக் கணக்கு மட்டும் வேறென்ன? ஏலம் நடந்திருந்தால் என்று அவர்கள் யோசித்தார்கள். படிப்பு நடந்திருந்தால் என்று நாம் யோசிக்கிறோம். நான் வாசித்த எந்த அறிக்கையிலும் இப்படியொரு பத்தி இல்லை. அரசுக்கு வராதது நட்டம். தலித்துக்கு வராதது 'தாமதம்'. இந்தப் பேர் வைப்பில்தான் சாதி இருக்கிறது. அதிகாரியின் மனசில் தேட வேண்டியதில்லை.

5

நம்ம வறண்ட பூமிக்கு வந்தால் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். திருச்சுழி, நரிக்குடி, காரியாபட்டி வட்டாரம் முழுக்க மழையை நம்பின கண்மாய்கள், குண்டாற்றில் தண்ணியைவிட மணல்தான் அதிகம், மிச்சம் சீமைக்கருவேலம். நூறு நாள் வேலையில் கண்மாய் வெட்டினார்கள். தணிக்கைக்கு வருகிறவர் மஸ்டர் ரோலைப் பார்ப்பார், அளவுப் புத்தகத்தைப் பார்ப்பார், எத்தனை கன மீட்டர் மண் என்று சரிபார்ப்பார். எல்லாம் பொருந்திவிட்டால் ஆட்சேபணை இல்லை. மண் சுமந்தவர்களில் பெரும்பாலோர் சேரிப் பெண்கள். கண்மாய் நிறைந்தால் மடை திறந்து பாய்கிற வயல் யாருடையது? மடையைத் திறந்துவிடுகிற ஆள் பல ஊர்களில் நம்ம ஆள். ஆயக்கட்டில் அவருக்கு ஒரு குழி நிலம் இருக்காது. எந்த அளவுப் புத்தகத்திலும் இதற்கு ஒரு கலம் கிடையாது. பொதுப்பணம், தலித் உழைப்பு, சாதி இந்து விளைச்சல்: மூணையும் ஒரே தாளில் எழுதினால்தான் அது கணக்கு.

சாதியை எழுதவே மாட்டார்கள் என்றும் இல்லை. 2021 மார்ச்சில் மத்திய அரசு நூறு நாள் வேலைக் கூலியை எஸ்.சி., எஸ்.டி., மற்றவர் என்று தனித்தனியாகப் பிரித்துக் கொடுக்கச் சொன்னது. ஒரே கண்மாயில் மண் சுமந்தவர்களுக்குக் கூலி வேறு வேறு நாளில் வந்தது. எதிர்ப்பு கிளம்பிய பிறகு கைவிட்டார்கள். கூலியைப் பிரிக்கச் சாதி வேண்டும்; விளைச்சலைக் கேட்கச் சாதி வேண்டாம்.

இன்னொன்று. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் மதுரைப் பக்கம். நாலாவதான கொட்டகச்சியேந்தல் நம்ம விருதுநகர் மாவட்டம். தலித்துக்கு ஒதுக்கப்பட்ட இந்த ஊராட்சிகளில் 1996 முதல் 2006 வரை பத்து வருஷம் ஒரு தலித் தலைவர் உட்கார முடியவில்லை. மனு போட ஆள் இல்லாமல் செய்தார்கள்; ஜெயித்தவரை ராஜினாமா செய்யவைத்தார்கள். தடையை மீறி உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதை 1997 ஜூன் 30 அன்று மேலவளவில் முருகேசனையும் அவரோடு ஐந்து பேரையும் வெட்டிக் காட்டினார்கள். அந்தப் பத்து வருஷமும் ஊராட்சிக்கு வரவு உண்டு, செலவு உண்டு, ரசீது உண்டு. ரசீதுகள் சுத்தமாக இருந்திருந்தால் தணிக்கையில் கேட்க ஒண்ணுமில்லை. ஒரு மக்கள் கூட்டம் தன் அதிகாரத்தைப் பத்து வருஷம் இழந்து கிடந்ததை எந்த ரசீது காட்டும்?

6

அப்போ எந்தத் தாள் காட்டும்? சாட்சியம் காட்டும். ராஜஸ்தானில் 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற ஊரில் மஸ்டர் ரோலை மக்கள் முன்னாலே உரக்க வாசித்தார்கள். பேர் இருந்தவர்கள் எழுந்து, 'நான் அந்த வேலைக்குப் போகவே இல்லை' என்று சொன்னார்கள். ரசீது ஒரு பக்கம், சாட்சியம் ஒரு பக்கம். அந்த விதைதான் 2005ஆம் வருஷத்து வேலை உறுதிச் சட்டத்தில் 17ஆம் பிரிவாக, கிராம சபை செய்கிற சமூகத் தணிக்கையாக முளைத்தது. அதற்கான விதிகளை 2011இல் சிஏஜியோடு கலந்துதான் வகுத்தார்கள். 2025 டிசம்பரில் அந்தச் சட்டத்தின் இடத்துக்கு வேறு சட்டம் வந்துவிட்டது. சட்டம் போகும், வரும். பேர் வாசிக்கப்பட்டவர் எழுந்து பேசலாம் என்ற பழக்கம் போய்விடக் கூடாது.

ஆனால் கிராம சபையும் சாதி சபைதான். அங்கே எழுந்து பேசினவர் மறுநாள் அதே ஊரில் வேலைக்குப் போக வேண்டும். அதனால்தான் ஊருக்கு வெளியே, பயமில்லாமல் எழுதக்கூடிய ஒரு நாற்காலி வேண்டும் என்கிறோம். அம்பேத்கர் அந்த நாற்காலியை நீதிபதிக்கும் மேலே தூக்கி வைத்தது, கீழே இருக்கிறவன் சொல்ல முடியாததை அது சொல்லும் என்பதற்காகத்தான் என்று நான் வாசிக்கிறேன்.

2024இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் ஆதிதிராவிடர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டத்துக்கென்று தனிச் சட்டம் இயற்றியது. ஆந்திரம் 2013லேயே செய்த காரியம். தாமதமாக வந்தாலும் வந்தது. இனி கேட்க வேண்டியது இது. அந்தச் சட்டத்தின் கீழே நடக்கிற ஒவ்வொரு தணிக்கையிலும், செலவாகாமல் போன ஒவ்வொரு ரூபாய்க்கும் எதிரே, அதனால் சேரி இழந்தது எவ்வளவு என்று ஒரு கலம் போட வேண்டும். 1979 முதல் வராமல் போன பங்குக்கும் சேர்த்து ஒரு உத்தேச நட்டம் எழுத வேண்டும். 1,76,645 கோடி எழுதத் தெரிந்த பேனாவுக்கு இது முடியாத காரியம் இல்லை.

அவர்கள் எழுதுகிறவரைக்கும் நாம் எழுதலாம். ஆராய்ச்சி மாணவர்கள் சட்டமன்றத்தில் வைக்கப்படுகிற அறிக்கைகளை எடுத்து, ஒவ்வொரு 'பட்டது'க்கும் யார் என்று கேட்டு எழுவாயைப் போட்டுத் திருப்பி எழுதட்டும். தோழர்கள் தங்கள் ஒன்றியத்தில் தலைப்பு 789இல் என்ன நடந்தது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடட்டும். எழுத்தாளர்கள் அந்தப் பதிலுக்குப் பக்கத்தில் சேரியின் சாட்சியத்தை வைக்கட்டும். வெட்டுகிற தணிக்கையை இவ்வளவு நாள் அவர்கள் செய்தாயிற்று. கணக்குக் கேட்கிற தணிக்கையை நாம் ஆரம்பிப்போம்.