நஞ்சு தொண்டையில் நிற்பதில்லை

சில வருடங்களுக்கு முன் எருக்கம் இலையைத் தின்னும் வெந்தய வரியன் புழுவைப் பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதினேன். அதில் அந்தப் புழுவை நீலகண்டன் என்றேன். நண்பர்கள் பாராட்டினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அனுராக் அகர்வாலின் ‘மோனார்க்ஸ் அண்ட் மில்க்வீட்’ (2017) நூலைப் படித்தபிறகுதான் அந்த உவமை எவ்வளவு சோம்பேறித்தனமானது என்று உறைத்தது.

மோனார்க் வட அமெரிக்க வண்ணத்துப்பூச்சி. நம் வெந்தய வரியனுக்கு நெருங்கிய உறவு. மில்க்வீட் எருக்கின் குடும்பம். இரண்டின் பாலிலும் கார்டினோலைடு என்ற நஞ்சு உண்டு. உயிரணுக்களில் உப்புச் சமநிலையைக் காக்கும் சோடியம்-பொட்டாசியம் பம்பில் போய் ஒட்டிக்கொண்டு அதை நிறுத்திவிடும், இதயம் தடுமாறும். நீலகண்டன் நஞ்சைத் தொண்டையிலேயே நிறுத்திக்கொண்டார். மோனார்க் புழுவோ உள்ளே விட்டுவிடுகிறது. அதன் பம்பின் அமைப்பு மாறியிருப்பதால் நஞ்சு அங்கே சரியாக ஒட்டுவதில்லை. தின்ற நஞ்சை உடலில் சேர்த்தும் வைக்கிறது. அப்படிப்பட்ட வண்ணத்துப்பூச்சியைத் தின்ற நீல ஜே பறவை வாந்தியெடுப்பதை 1960களில் லிங்கன் பிரோவர் காட்டினார்.

அகர்வால் இதையெல்லாம் நிதானமாக, ஆய்வாளனுக்கே உரிய சந்தேகத்தோடு சொல்கிறார். என் சிக்கல் அவருடைய மைய உருவகத்தில்தான்: ஆயுதப் போட்டி. எர்லிக்கும் ரேவனும் 1964இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரைக்குப் பின் இத்துறையில் வேரோடிவிட்ட சிந்தனை அது. செடி ஒரு ஆயுதம் செய்யும், பூச்சி அதை முறியடிக்கும், செடி இன்னொன்று செய்யும். சரி, ஆனா இந்தக் கதையில் வெற்றிக்கான விலை எங்கே?

நூல் வந்து இரண்டு வருடம் கழித்து, 2019இல், மோனார்க்கின் பம்பிலுள்ள மூன்று மாற்றங்களைப் பழ ஈக்குள் புகுத்திப் பார்த்தார்கள். ஈ நஞ்சைத் தாங்கியது. ஆனால் முக்கியமான மாற்றம் தனியாக இருந்தபோது, குலுக்கினாலே ஈ செயலற்று விழுந்தது. இன்னொரு மாற்றம் அந்தக் குறையைத் தணித்தது. அதாவது நஞ்சைத் தாங்குவதற்கு நரம்பில் கடன் வாங்கவேண்டியிருக்கிறது. போர்க்கதையில் இந்தக் கடன் கணக்கு பெரும்பாலும் எழுதப்படுவதில்லை.

பறவைகளும் அப்படித்தான். மெக்சிகோவில் மோனார்க் குளிர்காலம் கழிக்கும் காடுகளில் இரண்டு வகைப் பறவைகள் அதைக் கூட்டம் கூட்டமாகத் தின்கின்றன. யாரும் யாரையும் முழுசா ஜெயிக்கவில்லை.

இதற்கான மாற்று உருவகம் அகர்வாலின் நூலிலேயே இருக்கிறது. ஒரு அத்தியாயத்தில் மில்க்வீடை ஒரு கிராமம் என்கிறார். வண்டு, நாவாய்ப்பூச்சி, அசுவினி என்று உறவே இல்லாத பூச்சிகள் அதே நஞ்சோடு ஆளுக்கொரு விதமாகக் குடித்தனம் நடத்துகின்றன. நூலின் சிறந்த பக்கங்கள் அவை. கிராமம் என்றால் சண்டையும் உண்டு, கடனும் உண்டு, பிழைப்பும் உண்டு. அந்த உருவகத்தை அவர் முதல் அத்தியாயத்திலிருந்தே நம்பியிருக்கலாம்.

உருவகத்துக்கா இவ்வளவு சண்டை என்று கேட்கலாம். நம்மூரில் சூழலியல் எழுத்து இப்போதுதான் பரவலாகிறது. புழுவைக் கடவுளாக்கினால் அதன் உடலை மறந்துவிடுகிறோம். வீரனாக்கினால் தோற்றவர்களை மறந்துவிடுகிறோம். தோற்றவர்கள் நிறைய. முட்டையிலிருந்து வந்த மோனார்க் புழு முதலில் இலையில் வட்டமாக ஒரு பள்ளம் கடித்து, பால் வடிந்தபின்தான் அதற்குள் தின்னத் தொடங்கும். நஞ்சைத் தாங்கும் பம்ப் இருந்தும், முதல் கடியிலேயே பாலில் ஒட்டிச் சாகும் குஞ்சுகள் ஏராளம்.

இந்த நூலைத் தமிழில் யாராவது கொண்டுவர வேண்டும். நானும் அந்தப் பழைய கட்டுரையை எடுத்து, நீலகண்டனை நீக்கிவிட்டு, பாலில் ஒட்டிச் செத்த புழுவிலிருந்து திரும்ப எழுதப்போகிறேன்.