காட்டை எடைபோடுகிறதா ராடார்?

ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் 2025 ஏப்ரல் 29-இல் செலுத்திய 'பயோமாஸ்' செயற்கைக்கோள் காடுகளை எடைபோடும் என்று எழுதுகிறார்கள். இச்சொல் பொருத்தமன்று. ராடார் அளப்பது, திரும்பி வரும் அலையின் வலிமையையும் கட்டத்தையுமே. சென்டினல்-1 கோளின் 5.5 செ.மீ. அலை பெரும்பாலும் இலைக்கூரையிலேயே சிதறிவிடும். பயோமாஸின் சுமார் 70 செ.மீ. அலையோ அதை ஊடுருவி, அடிமரங்களையும் பெருங்கிளைகளையும் எட்டித் திரும்பும். இது பெரும் முன்னேற்றமே. எனினும் நிலத்தின் ஈரமும் சரிவும்கூட அந்த அலையை மாற்றுகின்றன. அலையின் அளவை மரத்தின் எடையாக்க, காட்டுக்குள் சென்று அடிமரச் சுற்றளவை நாடாவால் அளந்த கணக்கு வேண்டும். அக்கணக்கு பிழையானால் விண்ணிலிருந்து பெறும் எண்ணும் பிழையே. ராடாரைப் போற்றும் மாணவர்கள் அந்த நாடாவையும் மறக்கலாகாது.