‘எம்பிளமாட்டிக்’ என்னும் அடைமொழியும் அதன் தமிழாக்கமும்

ஆங்கிலத் திறனாய்வினைத் தமிழிற் பெயர்ப்போர் ‘எம்பிளமாட்டிக்’, ‘சிம்பாலிக்’ என்னும் அடைமொழிகள் இரண்டினையும் ‘குறியீடான’ என்றே எழுதிவிடுதல் உண்டு. அவை வாக்கியத்தில் நிற்கும் நிலையை நோக்கின், இது பொருந்தாமை புலனாகும்.

‘எம்பிளமா’ என்னும் கிரேக்கச் சொல் உள்ளே பதிக்கப்பட்டதனைக் குறிக்கும். இலத்தீனில் அது கலங்களிற் பதித்த அணிவேலைக்குப் பெயராயிற்று. 1531இல் ஆல்சியாத்தோவின் நூல் ஆக்ஸ்பர்க்கில் வெளிவந்தபின், படமும் தலைமொழியும் செய்யுளும் இயைந்த நூல்வகை ஒன்று ஐரோப்பாவெங்கும் பரவியது. ஆங்கிலத்தில் விட்னியின் நூல் 1586இலும், குவார்ல்ஸின் நூல் 1635இலும் தோன்றின. இன்ன உருவிற்கு இன்ன பொருள் என்னும் வரையறை இந்நூல்களால் வலுப்பெற்றது. நங்கூரம் நம்பிக்கையைச் சுட்டுதல் போல்வன இவ்வழக்கின. இப்பழம்பொருளுக்குக் ‘குறியீடு’ என்பது இழுக்கன்று.

இக்கால வழக்கோ வேறு. டிக்கன்ஸ் 1854இல் எழுதிய ‘ஹார்ட் டைம்ஸ்’ என்னும் புதினத்தில் வரும் கோக்டவுன், அந்நாளைய ஆங்கிலத் தொழில் நகரங்களுக்கு ‘எம்பிளமாட்டிக்’ என்று ஒருவர் எழுதுவதாகக் கொள்வோம். கோக்டவுன் கற்பனை நகரே. எனினும் அதன் புகையும் ஆலையும் பிறிதொன்றனை மறைத்துச் சுட்ட வந்தவை அல்ல. அத்தகைய நகரங்களுள் தானும் ஒன்றாய் நின்று, அவற்றின் இயல்பு முழுவதையும் தன்னிடத்தே காட்டுகின்றது அந்நகர். இதனைக் ‘குறியீடு’ என்று பெயர்த்தால், நடப்பியற் புதினத்தை உருவகக் கதையென மாணவர் மயங்குவர். சொல் ஒன்று பிழைபட, நூலின் இனமே மாறிவிடுகின்றது!

‘சிம்பாலிக்’ என்பதற்கு இன்னுமொரு போக்கு உண்டு. ‘சிம்பாலிக்’ தண்டம் என்றால் பெயரளவில் விதித்த தண்டம் என்பதே பெரும்பாலும் பொருள். இவ்விளக்காரம் ‘எம்பிளமாட்டிக்’ என்பதற்கு இல்லை. ஈண்டு ஒரு வியப்பு. சுட்டப்படும் மெய்ம்மையில் தானும் பங்குகொண்டு நிற்பதே ‘சிம்பல்’ என்று 1816இல் கோலரிட்ஜ் வரையறுத்தார். அவர் அதற்கு அளித்த தகுதியைப் பொதுவழக்கு ‘எம்பிளமாட்டிக்’ என்பதற்கு மாற்றித் தந்துவிட்டது. அறிஞர் வரையறையை வழக்கு மதிப்பதில்லை போலும்.

இவ்வேறுபாடு தமிழ் கற்றார்க்குப் புதிதன்று. ஆகுபெயரைக் கூறுமிடத்துத் தொல்காப்பியர், தன் பொருளொடு பொருந்தி நிற்பதனையும், அஃதின்றிப் பிறிது பொருள் சுட்டுவதனையும் பிரித்தே ஓதினார். கோக்டவுன் முன்னதற்கு நெருங்கியது. நங்கூரம் பின்னதன் பாற்படும். ஆகுபெயர் சொல்லைப் பற்றியது, இது பொருளைப் பற்றியது என்று தடை நிகழ்த்துவாரும் உளர். இலக்கண வகையை அப்படியே ஏற்றுதல் நம் கருத்தன்று. பகுத்து நோக்கும் முறையையே கொள்கின்றோம்.

பெயர்ப்புச் சொல் யாது? ‘வகைமாதிரி’ எனின் எந்நகரமும் அதுவாகலாம். கண்ணிற் பட்டு நெஞ்சில் நிற்கும் தன்மை அதனால் விளங்காது. ‘சான்று’ எனின் வழக்காடும் வாடை வீசும். ‘தொழில் நகரங்களின் இயல்பெல்லாம் திரண்ட நகர்’ எனத் தொடராகப் பெயர்த்தலே இப்போதைக்குத் தக்கதென்பது நம் கருத்து.