யார் கேட்டது?

‘பாரம்’ பார்த்தீர்களா? பிரியா கிருஷ்ணசாமி இயக்கி, 2018-ம் ஆண்டுக்கான தேசிய விருது வாங்கிய தமிழ்ப் படம். இடுப்பெலும்பு முறிந்த வாட்ச்மேனை, ஆபரேஷன் வேண்டாமென்று மகன் ஊருக்குத் தூக்கிப் போகிறான். அப்புறம் தலைக்கூத்தல்!

இதைக் ‘கருணைக்கொலை’ என்பவர்கள் உண்டு. சும்மா இருங்க சார். அதுக்குப் போறவர் கேக்கணும். இங்கே கேட்பது மகன்.

‘வென்டிலேட்டர் வேண்டாம்’ என்று முன்கூட்டியே எழுதிவைக்க 2018-ல் உச்ச நீதிமன்றம் வழிவிட்டது. 2023-ல், மாஜிஸ்திரேட் வேண்டாம், நோட்டரியே போதும் என்று சுலபமாக்கியது. சந்தோஷம். ஆனால், வெள்ளிமலைப் பெரியவர் அந்த வென்டிலேட்டரை மறுக்கவே கல்வராயன்மலையை விட்டுக் கள்ளக்குறிச்சிக்கு இறங்கணுமே!

வாட்ச்மேனுக்கு வேண்டியிருந்தது சாகிற உரிமையா? ஒரு ஆபரேஷன். படம் மகனை முறைத்த அளவுக்கு அந்தச் செலவுக் கணக்கையும் முறைத்திருக்கலாம்.