குருவைப் பார்க்காத சிஷ்யை

நண்பரின் மகன் வந்திருந்தான். நகரமைப்பில் எம்.பிளான் முடித்துவிட்டான். அடுத்து என்ன என்று கேட்டால் நைரோபி, மணிலா, வாஷிங்டன் என்றான். அதாவது ஐ.நா. ஹாபிடட், ஆசிய வளர்ச்சி வங்கி, உலக வங்கி. 'நல்ல மென்ட்டர் ஒருத்தர் கிடைச்சா போதும் அங்கிள், உள்ளே நுழைஞ்சிடுவேன்' என்றான். எனக்கு நைரோபியில் யாரையும் தெரியாது. அலமாரியிலிருந்து ஒரு பழைய புத்தகத்தை எடுத்தேன். 1947-ல் லண்டனில் வெளியான 'பேட்ரிக் கெடஸ் இன் இந்தியா'. நூறு பக்கத்தைக் கொஞ்சம் தாண்டும். கொடுப்பதற்கு முன் நானும் மறுபடி ஒருமுறை படித்துவிட்டேன். அதனால் உங்களுக்கு இந்த வாரம் இது.

கெடஸ் ஸ்காட்லாந்துக்காரர். டண்டீயில் தாவரவியல் பேராசிரியர். அறுபதாவது வயதில், 1914-ல், சென்னை கவர்னர் பென்ட்லண்ட் பிரபு அழைத்து இந்தியா வந்தார். நகரங்களைப் பற்றி அவர் ஆண்டுக்கணக்கில் சேர்த்த படங்கள், வரைபடங்கள் எல்லாம் தனிக் கப்பலில் வந்தன. அதை மூழ்கடித்தது யார் தெரியுமா? நம்ம எம்டன்! சென்னையில் குண்டு போட்டு, தமிழுக்கு ஒரு வார்த்தையையும் தானம் பண்ணிவிட்டுப் போன அதே எம்டன். மனுஷர் அசரவில்லை. இன்னொரு செட் சேகரித்து வரவழைத்து 1915-ல் சென்னையில் கண்காட்சியை நடத்திவிட்டார்.

அப்புறம் ஊர் ஊராக நடந்தார். புத்தகத்தின் சிறந்த பகுதி தஞ்சாவூர் கோட்டைக்குள் நடக்கிறது. நெரிசலான பழைய சந்துகள். அதிகாரிகள் ஸ்கேல் வைத்து நேர்க்கோடு இழுத்து, குறுக்கே வருகிற வீடுகளை நல்லது கெட்டது பார்க்காமல் இடிக்கத் திட்டம் போட்டிருந்தார்கள். கெடஸ் அந்தச் சந்துகளில் புகுந்து வந்தார். இடிந்து கிடக்கும் வீடு எது, காலி மனை எங்கே, மரம் வைக்க இடம் எங்கே என்று பார்த்தார். இருக்கிற சந்தையே அங்கங்கே அகலப்படுத்தினால் போதும், செலவும் ஆறில் ஒரு பங்குதான் என்றார். இதற்கு அவர் வைத்த பெயர், காப்பாற்றும் அறுவை சிகிச்சை. இரண்டு வரைபடங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், நூறு வருஷத்துக்கு மேலாகியும் வயிறு கலங்கும். இன்றும் புல்டோசருக்குப் போடுகிற கோடு அதிகாரிகளின் முதல் கோடுதான்.

சரி, கெடஸ் நல்ல குருவா? இங்கேதான் எனக்குச் சந்தேகம். முன்னுரை எழுதியிருக்கும் லூயிஸ் மம்ஃபோர்ட், நகரங்களைப் பற்றி எழுதிப் பெரும் பெயர் பெற்ற அமெரிக்கர். 1923-ல் நியூயார்க்கில் முதன்முதலாகக் கெடஸைச் சந்தித்தார். முதல் உலகப்போரில் இறந்துபோன தன் மகன் சாயலில் மம்ஃபோர்டைப் பார்த்துக் கெடஸ் உருகிப்போனார். 'நீதான் என் பிள்ளை' என்கிற ரேஞ்சுக்குப் போய்விட்டது. அந்தத் துக்கம் பெரியது, கிண்டல் செய்யவில்லை. ஆனால் கெடஸுக்கு வேண்டியிருந்தது தன் மூட்டை மூட்டையான குறிப்புகளை ஒழுங்குபடுத்த ஓர் ஆள். இளைஞருக்கோ சொந்தமாக எழுத வேண்டும். மம்ஃபோர்ட் தன் மகனுக்குக் கெடஸ் என்று பெயர் வைத்தார், ஆனால் உதவியாளராக மட்டும் போகவில்லை. பிழைத்தார்!

அந்த வேலையைக் கடைசியில் செய்தவர் ஜாக்குலின் டிர்விட். இந்தப் புத்தகத்தைத் தொகுத்தவர். கெடஸ் 1932-ல் இறந்துவிட்டார், இந்தம்மா அவரைப் பார்த்ததே இல்லை. கெடஸின் நடையோ கிளை தாவும் நடை. வேண்டாததை வெட்டி எறிந்து படிக்கிற மாதிரி ஆக்கியது டிர்விட்டின் கத்தரி. 1954-ல் டெல்லியில் ஐ.நா. நடத்திய வீட்டுவசதிக் கருத்தரங்கில் கிராம மாதிரி ஒன்றை அமைத்தார். பிறகு ஹார்வர்டில் பாடம், ஏதென்ஸில் 'எகிஸ்டிக்ஸ்' பத்திரிகை. சர்வதேச கேரியர் என்றால் இதுதான். சிபாரிசுக் கடிதம் எழுத குரு உயிரோடு இல்லாமலே.

புத்தகத்தில் ஒரு குறை உண்டு. அந்தந்த ஊர்களில் கெடஸுக்குச் சந்து காட்டினவர்கள், பேச்சை மொழிபெயர்த்தவர்கள் யாரும் படித்து முடித்தபின் முகமாக மனதில் நிற்பதில்லை. தஞ்சாவூர்க்காரர் ஒருத்தராவது வாய் திறந்து பேசியிருக்கலாம். கன்சல்டன்ட் அறிக்கைகளில் இந்த வியாதி அன்றே ஆரம்பித்துவிட்டது போலிருக்கிறது.

பையன் ஒரு வாரம் கழித்து போன் செய்தான். பாதி படித்திருக்கிறான். 'தஞ்சாவூர்ல அந்தச் சந்து இப்ப எப்படி இருக்கு அங்கிள்?' என்று கேட்டான். எனக்குத் தெரியாது என்றேன். நைரோபி பற்றிப் பேச்சே வரவில்லை. புத்தகம் இன்னும் திரும்பி வரவில்லை.