மேற்குக் கோட்டுக்கு வெளியே போகும் பந்து

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, சவுக்குத் தோப்புகளை ஒட்டிய மணற்பாங்கான மைதானங்களில் மாலைப் பந்தயங்களை விடாமல் பார்த்துவருகிற ரசிகர்களுக்கு, நான் பெயரைச் சொல்லாவிட்டாலும், அந்த ஸ்டாப்பர் யாரென்று தெரிந்துவிடும். நெருக்கடி வந்தால் பந்தை ஓங்கி உதைத்துக் கோட்டுக்கு வெளியே தள்ளிவிடுகிறவர் என்று அவருக்கு ஒரு கெட்ட பெயர் நிலைத்துவிட்டது. கோல்கீப்பரிடம் பந்தை வாங்கி, பாஸ் மேல் பாஸாக நிதானமாக முன்னேறும் பின்வரிசைக்காரர்களையே தொலைக்காட்சியில் கண்டு வளர்ந்த இளைஞர்கள் அவரைக் கேலி செய்கிறார்கள். ஆள் தேடி வருகிற பெரிய மனிதர்களோ, தைரியமில்லாத ஆட்டம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு இடைவேளைக்குள் புறப்பட்டுவிடுகிறார்கள். இந்தத் தீர்ப்பு அடியோடு பிசகானது என்பது என் திடமான அபிப்பிராயம். கடற்கரைக்காரர்கள் பக்கம் எனக்குப் பட்சபாதம் உண்டு என்பதை வாசகர்கள் அறிவார்கள். ஆயினும் இங்கே நான் சொல்லப்போவதற்குப் பட்சபாதம் வேண்டியதில்லை, கண் இருந்தால் போதும்.

மாலை வெயில் கோல்கீப்பரின் கண்ணில் அடிக்காதபடி மைதானத்தை வடக்கு தெற்காகப் போடுவது எங்கும் உள்ள வழக்கம். இந்தக் கரையிலோ கடல் கிழக்கே இருக்கிறது. பங்குனி பிறந்துவிட்டால் பிற்பகலில் எழும்பும் கடற்காற்று மைதானத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு மேற்கு நோக்கி வீசும். இப்போது அந்த ஸ்டாப்பரைக் கவனியுங்கள். பந்து தன்னிடம் வருவதற்கு முந்திய கணத்தில் அவர் தலை நிமிர்ந்து பார்ப்பது எதிரியின் ஃபார்வர்டை அன்று, சவுக்கு மரங்களின் நுனியை. நுனி நன்றாக மேற்கே சாய்ந்திருந்தால், பாதிக் கோட்டைத் தாண்டி, மேற்குப் பக்கவாட்டுக் கோட்டுக்கு வெளியே பந்து விழும்படி உதைக்கிறார். கிழக்குக் கோட்டுக்கு வெளியே அவர் பந்தை அடித்து நான் பார்த்ததில்லை. மேற்குக் கோட்டில் நின்று த்ரோ எறிய வேண்டிய எதிராளி காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு எறிகிறான். உள்ளே எறிந்தால் பந்து எட்ட வேண்டிய தூரத்துக்கு எட்டாமல் இறங்கிவிடுகிறது, கோட்டை ஒட்டி நீளமாக எறிந்தால் காற்றே அதை மறுபடியும் வெளியே தள்ளப் பார்க்கிறது. த்ரோவில் ஆஃப்சைடு கிடையாது என்ற சலுகையும், பந்து அவ்வளவு தூரம் போகாதபோது பிரயோஜனப்படுவதில்லை. பந்து இறங்கப்போகும் அந்தப் பத்தடி மணலில் நமது ஆட்கள் மூவர் ஏற்கெனவே காத்திருக்கிறார்கள். எதிரியின் பாதியில், எதிரி நிலைகுலைந்திருக்கும் சமயத்தில், பந்து மீண்டும் நம் வசம் வந்துவிடுகிறது. பயந்தவன் செய்கிற காரியமா இது? கோல் போடும் முயற்சியின் முதல் அடியையே அவர் அங்கே எடுத்து வைக்கிறார்.

ஐப்பசி, கார்த்திகையில் காற்று வடகிழக்குக்குத் திரும்பியதும் அதே மனிதர் வேறு ஆட்டக்காரராகிவிடுவதையும் ரசிகர்கள் பார்த்திருப்பார்கள். தெற்குக் கோலைக் காக்கும் பாதியில் ஓங்கி அடித்த பந்து வாடையில் மாட்டிக்கொண்டு நடுவானில் நின்று திரும்பும் என்று தெரிந்தவராதலால், அப்போது அவர் தரையோடு தரையாகப் பாஸ் கொடுக்கிறார். "இன்றைக்கு நன்றாக ஆடினார்" என்று கைதட்டுகிறார்கள். அன்றும் இன்றும் வேலை செய்தது ஒரே புத்திதான்.

கீழ்ப்பிரிவு லீகுகளைப் பிரதேசவாரியாகத் திருத்தி அமைக்க வேண்டும் என்ற வாதத்தை இந்த ஒரு மனிதரின் காலை வைத்துத்தான் நான் யோசிக்கிறேன். அந்த வாதத்தை ஆதரிக்கிறவர்கள் பிரயாணச் செலவு குறையும் என்கிறார்கள். எதிர்க்கிறவர்கள் அக்கம்பக்கத்து ஊர்களோடு மட்டும் ஆடினால் தரம் தாழ்ந்துவிடும் என்கிறார்கள். செலவு குறையும் என்பதில் சந்தேகமில்லை. சென்னையிலிருந்து டெல்லிக்கு ரயில் பாதை ஏறக்குறைய 2,200 கிலோமீட்டர். குவாஹாத்திக்குப் போக இரண்டு இரவு வேண்டும். அத்தனை தூரம் ரயிலில் கால் மடக்கி உட்கார்ந்து வந்த இரு விங்-பேக்குகள் அறுபதாவது நிமிஷத்தில் மூச்சு வாங்கி நிற்பதைக் கண்டு, அவர்கள் திரும்பி ஓடிவர அவகாசம் கொடுப்பதற்காகவே நம் ஸ்டாப்பர் காற்றில்லாத அந்நிய மைதானத்தில் பந்தை வெளியே அடிக்கிறார். வெளியூரில் அவரைப் பார்த்தவர்கள் பார்த்தது இந்தக் களைப்பின் ஆட்டத்தைத்தான்.

ஆனால் தரம் தாழும் என்ற வாதத்தை நான் முற்றிலும் மறுக்கிறேன். நம் நாட்டில் ஐ-லீகின் இரண்டாம் டிவிஷன் 2008-ல் பிறந்தது. 2022-23-ல் இந்தியன் சூப்பர் லீக் தலைப்படியாகிவிட, மற்றவை ஒவ்வொரு படி இறங்கின. 2023-ல் ஐ-லீக் 3 நான்காம் படியாகச் சேர்ந்தது. அதற்கும் கீழே மாநில லீகுகள். படிகள் பெருகின; ஒரே எதிரியை மறுபடி மறுபடி சந்திக்கும் வாய்ப்பு பெருகவில்லை. 1941 முதல் நடந்துவரும் சந்தோஷ் டிராபியில் செய்வதைப் போல, அணிகளை ஓர் ஊரில் கூட்டி, சில நாட்களில் ஒரு குழுவின் ஆட்டங்களை முடித்து அனுப்பும் பழக்கம் நமக்கு ஊறிப்போனது. ஒரே ஒரு தடவை சந்தித்துப் பிரிகிறவனுக்கு மேற்குக் கோட்டு ரகசியத்தைக் கண்டுபிடிக்க நேரமேது? அவன் கண்டுபிடிக்காததால் நம்மவரும் அடுத்த உபாயம் தேட வேண்டியதில்லை. வித்தை அங்கேயே தேங்கிவிடுகிறது. அண்டை ஊர்க்காரன் வருஷத்துக்கு இரண்டு முறை வந்து, தோற்றுப்போய், வீட்டுக்குப் போய் யோசித்து, மறு வருஷம் பதிலோடு வருவான். ரஞ்சி கோப்பையின் முதல் ஆட்டம் 1934 நவம்பர் 4-ல் நம் சேப்பாக்கத்தில் நடந்தது முதல் 2002-ல் மண்டலமுறை கைவிடப்படும் வரையில், தென்மண்டலத்து அண்டை மாநிலங்கள் ஒன்றையொன்று அரைத்துக் கூர்மைப்படுத்திய கதை நமக்குப் புதிதன்று.

இங்கிலாந்திலும் மூன்றாம் டிவிஷன் 1921 முதல் வடக்கு, தெற்கு என்று இரண்டாக இருந்து 1958-ல்தான் ஒன்றாக்கப்பட்டது. அங்கே இருந்த குறை பிரிவினையில் இல்லை, வாசலில் இருந்தது: பகுதிக்கு ஒரே அணி, அதாவது முதலிடம் பெற்றது மட்டும், மேலே போக முடிந்தது. ஜெர்மனியில் 2012 முதல் ஐந்து பிரதேச லீகுகள் நான்காம் படியில் நடக்கின்றன. அவற்றில் முதலிடம் பெற்ற ஐவரும் மேலே போக இடமில்லை என்பதே அங்கு ஓயாத மனக்குறை. நாம் பிரதேச லீக் அமைத்தால், வென்ற அணி நேரே மேல்படிக்குப் போக வேண்டும். இன்னொரு தகுதிச் சுற்று, இன்னொரு ஊரில் ஒரு வாரக் கூட்டம் என்று இழுத்தடித்தால் முயற்சி முழுவதும் வியர்த்தம்.

எல்லைகளை எப்படி வகுப்பது? செங்கல்பட்டு 2019 நவம்பர் 29-ல் தனி மாவட்டமாயிற்று. மாவட்டக் கோட்டையே லீகின் கோடாகக் கொள்வது சுலபம், ஆனால் புத்திசாலித்தனமன்று. தாம்பரம், வண்டலூர், மறைமலைநகர், செங்கல்பட்டு, மதுராந்தகம் என்று ரயில் பாதையோடு ஒரு சரம். கோவளம், மாமல்லபுரம், கல்பாக்கம், மரக்காணம், புதுச்சேரி என்று கிழக்குக் கடற்கரைச் சாலையோடு மற்றொரு சரம். இவ்விரண்டையும் ஒரே பிரிவில் போட வேண்டும். மரக்காணம் விழுப்புரத்தைச் சேர்ந்தது, புதுச்சேரிக்கு வேறு நிர்வாகம் என்ற ஆட்சேபங்கள் காகிதத்தில் எழும்; பஸ்ஸில் ஏறி மாலையில் ஆடிவிட்டு இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்ப முடிகிற ஊர்கள் எல்லாம் ஒரே பிரதேசம்தான்.

அப்படி நடந்தால் என்ன ஆகும் என்று இப்போதே சொல்லிவைக்கிறேன். முதல் வருஷம் கடலோர அணிகள் தங்கள் மணலில் எவரையும் வெல்லும். கொளவாய் ஏரிப் பக்கம் போனால், கடற்காற்று தாமதமாகவும் வலுவிழந்தும் வருகிற அந்தக் கெட்டித் தரையில் திண்டாடும். இரண்டாம் வருஷம் ரயில் பாதைக்காரர்கள் மேற்குக் கோட்டில் த்ரோவைக் காலடியிலேயே போட்டு, உடனே திருப்பி வாங்கும் வழக்கத்தைக் கற்றுக்கொள்வார்கள். மூன்றாம் வருஷம், அந்தத் த்ரோவை எதிர்பார்த்து நம் ஸ்டாப்பர், உதைப்பதுபோலக் காலை ஓங்கிவிட்டு, பந்தைக் கிழக்கே, ஆளற்ற பக்கத்துக்கு, தரையோடு உருட்டுவார். அன்று கேலி செய்தவர்கள் அவருக்குப் புதிய விளையாட்டு வந்துவிட்டது என்று எழுதுவார்கள். அந்த வருஷம் பிரிவை வென்று மேலே போவது கடலோர அணியாகத்தான் இருக்கும். தீர்மானிக்கும் ஆட்டம் செங்கல்பட்டில், காற்றில்லாத ஒரு மாலையில் நடக்கும், அதில் அவர் ஒரு பந்தைக்கூட வெளியே அடிக்க மாட்டார்.