பெயரும் விகுதியும்

'அலி' என்ற சொல்லைக் கைவிட்டு 'திருநங்கை'யை ஏற்றுக்கொண்டதோடு காரியம் முடிந்துவிட்டது என்று ஒரு நிம்மதி நம் எழுத்தாளர்களிடையே பரவியிருக்கிறது. எனக்கு இந்த நிம்மதியில் நம்பிக்கையில்லை. தூத்துக்குடி பழைய பஸ் ஸ்டாண்டில் கொஞ்ச நேரம் நின்றால் போதும். "திருநங்கை வருது, பாரு" என்பது காதில் விழும். பெயர் மாறிவிட்டது, விகுதி அப்படியே இருக்கிறது.

விகுதியின் கதை பழையது. தொல்காப்பியம் இவர்களுக்கெனத் தனிப் பால் ஈறு இல்லை என்றபோதும், உயர்திணை ஈறுகளையே ஏற்கச் சொன்னது. நன்னூல் வந்தபோது, ஆண்பால் பெண்பால் என்று பகிர்ந்துவிட்டு, அஃறிணைபோலவும் வரலாம் என்று ஒரு கதவைத் திறந்து வைத்தது. பஸ் ஸ்டாண்டு 'வருது'வை பவணந்தியிடம் யாரும் கற்றுக்கொள்ளவில்லைதான். ஆனாலும் இலக்கணமே இடம் கொடுத்த இழிவு இது. குறளோ பேடியின் கையிலுள்ள வாளைப் பயனின்மைக்கு இரண்டு இடங்களில் உவமையாக்கியது. நம் பண்டிதர்கள் இதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

வசைச் சொற்களை மீட்பதா, தள்ளுவதா என்ற கேள்விக்கு அவர்களுடைய புழக்கமே ஒருவிதத்தில் பதில் சொல்லியிருக்கிறது. 'ஒன்பது' மீளவில்லை. மீள அதில் என்ன இருக்கிறது? அது வெறும் எண். (2014இல் உச்ச நீதிமன்றம் தந்த 'மூன்றாம் பாலினம்' உரிமையோடு வந்தது, பெரிய விஷயம். ஆனால் அதுவும் எண்தான்.) 'பொட்டை' வேறு ரகம். தெருவில் எறியப்படும் அதே சொல் ரேவதியின் தன்வரலாற்றில் அவர்களுக்குள் உறவுச் சொல்போலப் புழங்குகிறது. பெட்டை என்ற பெண்மை அதற்குள் கிடப்பதால் இருக்கலாம். வெளியாள் அதை எடுத்தாள முடியாது. நான் இங்கே மேற்கோள் குறிக்குள் வைத்து எழுதுவதே எல்லையில் நின்றுதான்.

'அரவாணி' கூவாகத்தைச் சுமந்து வந்தது. ஒரு நாள் மனைவி, மறுநாள் விதவை. பனிமயமாதாவிடம் மெழுகுவர்த்தி ஏற்றும் கடற்கரைக்காரிக்கும் காயல்பட்டினத்துக்காரிக்கும் அரவான் என்ன உறவு? 'திருநங்கை'யில் அந்தச் சிக்கல் இல்லை. 2008இல் நல வாரியம் அமைந்ததை ஒட்டி அரசின் வாயில் ஏறிய சொல் இது. கௌரவமான சொல், சற்று சலவை செய்த சொல். 'ஹரிஜன்' என்பதும் மேலிருந்து வந்த கனிவுதான். அதை உரியவர்கள் தூக்கி எறிந்தார்கள், இதை ஏற்றுக்கொண்டார்கள். அந்த ஏற்பை நான் மதிக்கிறேன். ஆனால் சொல்லின் மேன்மையை வைத்து மட்டும் அதைப் புரிந்துகொள்ள முடியாது. மனுவில் எழுத ஒரு சொல் தேவைப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும்.

வித்யா 2007இல் தன் புத்தகத்துக்கு 'நான், வித்யா' என்று பெயர் வைத்தார். இனப்பெயர் எதுவும் இல்லை. தமிழில் 'நான்' பால் காட்டாது, 'வந்தேன்' என்பதும் காட்டாது. பாலைக் கேட்பதெல்லாம் படர்க்கைதான். தன்மையில் பேசுகிறவரிடம் இலக்கணம் அந்தக் கேள்வியைக் கேட்கவே முடியாது. இந்தத் தன்வரலாறுகளின் பலத்தை அனுதாபத்தில் தேடுகிற விமர்சகர்கள் இதைப் பார்க்கத் தவறுகிறார்கள். இடைசெவல்காரரான கி. ராஜநாராயணனின் 'கோமதி' பரிவான கதை, ஆனால் படர்க்கைக் கதை. கோமதியை நாம் பார்க்கிறோம். அந்தச் சமையல்காரன் நம்மைப் பார்ப்பதில்லை.

இடைசெவலும் மந்தித்தோப்பும் கோவில்பட்டிப் பக்கம்தான். மந்தித்தோப்பில் 2020இல் திருநங்கையருக்கென்று ஒரு பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. அதற்காக உழைத்த கிரேஸ் பானு இந்த மாவட்டத்துக்காரர். அவர் தன்னைத் தலித் திருநங்கை என்கிறார். நொறுக்கப்பட்டவர் என்று பொருள்படும் சொல்லை, 'திரு'வுக்கு முன்னால் வைக்கிறார்.